நான்கு ஆண்டு உழைக்கும் மடிக்கணினி எது?

கேள்வி: இந்தக் கல்வியாண்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பில் சேரவிருக்கிறேன். இயந்திரப் பாகங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ், அவை விசையையும் வெப்பத்தையும் எப்படித் தாங்கும் என்று கணக்கிடும் அன்சிஸ், கணித வேலைக்கான மேட்லேப் ஆகிய மூன்று மென்பொருள்களும் தேவைப்படும் என்று துறையில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் மெஷின் லேர்னிங்கை விருப்பப் பாடமாக எடுக்கும் எண்ணமும் இருக்கிறது. வீட்டில் ஒருமுறைதான் வாங்கித் தர முடியும். நான்கு ஆண்டும் அதை வைத்தே படித்து முடிக்க வேண்டும். மூன்று மாடல்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் கொண்ட, சற்றுக் கனமான கேமிங் லேப்டாப். இரண்டாவது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 32 ஜிபி ரேம் கொண்ட மெல்லிய லேப்டாப். மூன்றாவது, மேக்புக். சீனியர்கள் முதலாவதைச் சொல்கிறார்கள். அண்ணன் மூன்றாவதைச் சொல்கிறார். கடைக்காரரோ இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஆர்டிஎக்ஸ் 4070 உள்ள, இன்னும் விலை கூடிய மாடலைக் காட்டுகிறார். எதை வாங்குவது?

பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி, முதல் மாடலையே வாங்கலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: அந்த கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த மாடலில் எத்தனை வாட் மின்திறன் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று, ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும், அதே கார்டு பொருத்தப்பட்ட வேறு மாடலைத் தேடுவது நல்லது. மடிக்கணினிகளைச் சோதித்துப் பரிந்துரைப்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில் என்பதால், மாணவர்களின் லேப்டாப்புகள் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் என்ன நிலையில் வந்து சேருகின்றன என்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த அனுபவத்திலிருந்து வருவது.

முதலில் மேக்புக் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல கருவி. பேட்டரி நீடிப்பதிலும், சத்தமின்றி இயங்குவதிலும் அதற்கு ஈடாக நிற்கும் விண்டோஸ் லேப்டாப்புகள் குறைவு. நீங்கள் மொழியோ, இசையோ, மென்பொருள் உருவாக்கமோ படிப்பவராக இருந்தால் தயக்கமின்றிப் பரிந்துரைத்திருப்பேன். ஆனால் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்காக மட்டுமே எழுதப்பட்டது. அன்சிஸ் விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும், மேக்கில் இயங்காது. மூன்றில் மேட்லேப் ஒன்றுதான் மேக்கில் நேரடியாக இயங்கக்கூடியது. ஆப்பிள் 2020 இறுதியில் தன் சொந்த சிப்புகளுக்கு மாறியதிலிருந்து, மேக்கிலேயே விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ளும் பழைய பூட் கேம்ப் வழியும் புதிய மாடல்களில் இல்லை. மேக்கிற்குள் இன்னொரு மென்பொருளின் உதவியால் விண்டோஸை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அப்படி ஓடுவது, வழக்கமான இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களிலிருந்து வேறுபட்ட வடிவமைப்புள்ள சிப்புகளுக்கான ஏஆர்எம் வகை விண்டோஸ் என்பதையும், உங்கள் துறையின் கனமான மென்பொருள்களை அதில் நம்பி ஒரு செமஸ்டரை ஒப்படைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட விண்டோஸ் லேப்டாப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவையும் ஏஆர்எம் வகையைச் சேர்ந்தவையே. அண்ணன் சொன்னது அவருடைய வேலைக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் பாடத்திட்டத்துக்கு அது பொருந்தவில்லை.

இனி, சக்தி வாய்ந்த லேப்டாப் என்ற பேச்சுக்கு வருவோம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்துச் சக்தியை அளப்பதுதான் மாணவர்கள் ஏமாறும் முதல் இடம். ஒரே பெயருள்ள கிராபிக்ஸ் கார்டு, இரண்டு வெவ்வேறு லேப்டாப்புகளில் ஒரே வேகத்தில் வேலை செய்யாது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப் தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவையும் ஒதுக்க, அந்தக் கார்டை உருவாக்கிய என்விடியா நிறுவனம் இடமளிக்கிறது. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைக்கப்பட்ட 4060, தடித்த உடலில் முழு வாட்டில் ஓடும் அதே 4060-ஐவிட வெகுவாகப் பின்தங்கும். பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர்தான் இருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பட்டியலில் டிஜிபி என்ற பெயரிலோ, அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் என்ற பெயரிலோ இந்த அளவு பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். உங்கள் மாடலில் அது 100 வாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிராசஸரும் இப்படித்தான். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் யு என்ற எழுத்து இருந்தால், அது பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் குறைந்த மின்திறனில் ஓட வடிவமைக்கப்பட்டது. எச் என்பது கனமான வேலைக்கு. எச்எக்ஸ் என்பது அதற்கும் மேல். ஏஎம்டியும் ஏறத்தாழ இதே எழுத்துகளைப் பயன்படுத்துகிறது, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட முடியாது. எந்த பிராசஸரும் முதல் சில வினாடிகளுக்குத் தன் உச்ச வேகத்தைக் காட்டும். வெப்பம் ஏறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இணையப் பக்கம் திறப்பதற்கும் கட்டுரை தட்டச்சு செய்வதற்கும் அந்தச் சில வினாடிகள் போதும். அன்சிஸில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கினால் அரை மணி, ஒரு மணி என்று நிற்காமல் ஓடும். அப்போது உங்களுக்குக் கிடைப்பது, வெப்பத்தை வெளியேற்றும் ஃபேனும் செப்புக் குழாய்களும் எவ்வளவு வேகத்தை அனுமதிக்கின்றனவோ அவ்வளவுதான். இதனால்தான் உங்கள் படிப்புக்குத் தடித்த லேப்டாப்பைச் சொல்கிறேன். உடலின் தடிமனில் வெப்பம் வெளியேறும் வழி இருக்கிறது.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘வாங்கியபோது நன்றாக ஓடியது, இப்போது சாலிட்வொர்க்ஸ் திறந்தாலே திணறுகிறது’ என்று கொண்டுவரப்படும் லேப்டாப்புகளில் பலவற்றின் அடிமூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் அதை ஒட்டிய மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையில், கம்பளித் துணியைப் போல் சாம்பல் நிறத் தூசி ஒரு படலமாகப் படிந்திருக்கும். காற்று ஃபேனில் சுழல்கிறதே தவிர தகடுகளைக் கடந்து வெளியே போகாது. சிறு சிமிட்டாவால் அந்தப் படலத்தை ஒரே துண்டாகத் தூக்கி எடுத்துவிடலாம். பிராசஸரின் வெப்பத்தைக் கடத்த அதன் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் என்ற பசையும் காய்ந்து பொருக்காகியிருக்கும். இரண்டையும் சரிசெய்து மூடினால், புது லேப்டாப் வாங்கும் யோசனையோடு வந்தவர் பழையதையே எடுத்துக்கொண்டு திரும்புவார். மெத்தை மீதோ தலையணை மீதோ வைத்து இயக்குபவர்களின் லேப்டாப்பில் இது சீக்கிரமே நேர்கிறது. ஆகவே ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை உட்புறத்தைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். வாங்கும்போதே, அடிமூடி சாதாரணத் திருகாணிகளால் மூடப்பட்டு எளிதில் திறக்கக்கூடியதா என்று பாருங்கள்.

ரேம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் நான்கு ஆண்டுகளில் முதலில் போதாமல் போவது அதுவாகத்தான் இருக்கும். சாலிட்வொர்க்ஸில் பல பாகங்களைச் சேர்த்த ஒரு அசெம்பிளி, பக்கத்தில் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், பின்னணியில் மேட்லேப் என்று திறந்து வைத்தால் 16 ஜிபி நிரம்புவதற்கு அதிக நேரம் ஆகாது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மீதித் தரவை, கோப்புகள் சேமிக்கப்படும் எஸ்எஸ்டியில் வைத்து எடுக்கத் தொடங்கும். இன்றைய வேகமான பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டிகூட வினாடிக்கு ஏறத்தாழ 7 ஜிபி வரைதான் படிக்கும். இரண்டு ஸ்லாட்டிலும் பொருத்திய டிடிஆர்5 5600 வகை ரேமோ, கணக்கின்படி வினாடிக்கு 89.6 ஜிபி வரை தரவல்லது. வேகத்தின் இந்த வித்தியாசம்தான், மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி நின்று நின்று நகரும் அந்தத் தவிப்பாக உங்கள் கண்ணுக்குத் தெரியும். எந்த உயர்ந்த பிராசஸராலும் இதை ஈடுகட்ட முடியாது.

முதல் மாடலின் 16 ஜிபி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கடையிலேயே ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள் மெமரி என்பதைச் சொடுக்கினால், வலப்பக்கக் கீழ்மூலையில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்றும், ரேமின் வடிவம் எது என்றும் எழுதியிருக்கும். வடிவம் எஸ்ஓடிஐஎம்எம் என்றிருந்தால், கழற்றி மாட்டக்கூடியது. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால், ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுவிட்டது. வேறு ஸ்லாட் ஏதும் இல்லையென்றால், வாங்கும் நாளில் உள்ள அளவுதான் கடைசி நாள் வரை. இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் 16 ஜிபி இருந்தால் உங்களுக்கு நல்லது: இன்னொரு 16 ஜிபி வாங்கிச் சேர்த்தால் 32 ஆகிவிடும். ஒற்றை ஸ்லாட்டில் ஓடும்போது தரவுப் பாதையின் அகலம் பாதியாக இருக்கும் என்பதால், இதை மூன்றாம் ஆண்டு வரை தள்ளிப்போடாமல் முடிந்தவரை சீக்கிரமே செய்துவிடுங்கள். இரண்டு எட்டு ஜிபிகளாக இருந்தால் பின்னால் இரண்டையும் கழற்றிவிட்டு இரண்டு பதினாறு வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ரேமைக் கூட்டுவதால் வாரண்டி பாதிக்கப்படுமா என்பதையும் தயாரிப்பாளரின் சேவை மையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

32 ஜிபியே போதுமா, 64 வேண்டாமா என்ற கேள்வி எழலாம். மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் அன்சிஸ் பதிப்பில், ஒரு கணக்கில் எத்தனை நோடு, எத்தனை எலிமெண்ட் (கணக்கிடுவதற்காகப் பாகத்தைப் பிரிக்கும் புள்ளிகளும் சிறு துண்டுகளும்) வரை இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் வரும் கணக்குகளை 32 ஜிபி ரேம் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேற்பட்ட பெரிய கணக்குகள் இறுதியாண்டு ப்ராஜெக்டில் வந்தால், பல்கலைக்கழகத்தின் முழு உரிமம் உள்ள ஆய்வகக் கணினியில்தான் அவற்றை ஓட்ட முடியும். ஆகவே ஆய்வகம் செய்ய வேண்டிய வேலைக்கும் சேர்த்து உங்கள் வீட்டுப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கடைக்காரர் காட்டும் 4070 பற்றிய என் பதிலும் இதையொட்டியதே. சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தை நீங்கள் திருத்தும்போது, அதன் அம்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி கணக்கிடப்படுகின்றன. துளை போட்ட பிறகுதான் அதன் விளிம்பை மழுங்கச் செய்ய முடியும் என்பதால், அந்த வரிசையை, பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான பல கோர்களுக்கு எளிதில் பிரித்துக் கொடுக்க இயலாது. அங்கே உதவுவது பிராசஸரின் ஒற்றைக் கோர் வேகம். கிராபிக்ஸ் கார்டு அல்ல. பெரிய அசெம்பிளியைத் திரையில் சுழற்றிப் பார்க்கும்போதுதான் கார்டுக்கு வேலை வருகிறது. அதற்கு 4060 தாராளம். கேமிங் கார்டுகள் சாலிட்வொர்க்ஸின் சான்றளிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறுவதில்லை என்று யாராவது உங்களைப் பயமுறுத்தலாம். அது உண்மைதான், அந்தப் பட்டியல் தொழில்முறைக் கார்டுகளுக்கானது. மாணவர் அளவிலான வேலைக்கு அதை ஒரு தடையாக நான் கருதவில்லை.

மெஷின் லேர்னிங் என்று வரும்போது என்விடியா கார்டு இருப்பது உண்மையிலேயே பயன் தரும். பைடார்ச் போன்ற கருவிகளுக்கான பாடங்களும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும், கிராபிக்ஸ் கார்டிலேயே கணக்குகளை ஓட்ட உதவும் என்விடியாவின் ‘கூடா’ (CUDA) தொழில்நுட்பத்தை வைத்தே எழுதப்படுகின்றன. தனி கார்டு இல்லாத இரண்டாவது மாடலை நான் விலக்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் இந்த வேலையில் வேகத்தைவிட முதலில் முட்டுக்கட்டையாவது கார்டின் சொந்த நினைவகம். 700 கோடி பாராமீட்டர் (மாதிரி கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட ஒரு மொழி மாதிரியை, ஒவ்வொன்றுக்கும் 16 பிட் என்ற அளவில் ஏற்ற 14 ஜிபி வேண்டும். 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிபியில் அடங்கிவிடும். 4060 லேப்டாப் கார்டில் இருப்பது 8 ஜிபி. விலை கூடிய 4070 லேப்டாப் கார்டிலும் இருப்பது அதே 8 ஜிபிதான். அதாவது, முன்னதில் ஏறாத மாதிரி பின்னதிலும் ஏறாது. அந்த விலை வித்தியாசத்தை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் செலவிட்டால் நான்கு ஆண்டும் அதன் பலனை அனுபவிப்பீர்கள். பாடத்துக்குத் தேவையான பயிற்சிகளை 8 ஜிபியில் செய்யலாம். அதைத் தாண்டும்போது கூகுள் கோலாப், காகுள் போன்ற தளங்கள் வரம்புக்குட்பட்ட அளவில் தம்முடைய கிராபிக்ஸ் கார்டுகளை இலவசமாகவே பயன்படுத்தத் தருகின்றன. இன்னொன்று, 4060-க்கு அடுத்த தலைமுறையான 5060 லேப்டாப் கார்டு நெருங்கிய விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். அதிலும் 8 ஜிபிதான் என்றாலும், டிரைவர் ஆதரவு இன்னும் சில காலம் கூடுதலாகக் கிடைக்கும்.

எஸ்எஸ்டி 1 டிபி இருக்கட்டும், எஸ்எஸ்டி பொருத்தும் எம்.2 ஸ்லாட் இன்னொன்று காலியாக இருந்தால் 512 ஜிபியோடு தொடங்கினாலும் பாதகமில்லை. திரையைப் பொறுத்தவரை, கேமிங் லேப்டாப்புகளின் விலை குறைந்த வகைகளில் 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களை அளக்கும் ஓர் அளவுகோல்) என்று குறிக்கப்பட்ட திரைகள் வருகின்றன. கணினித் திரைகளுக்கான வழக்கமான நிறத் தொகுப்பான எஸ்ஆர்ஜிபி நிறங்களில், அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். வெளிச்சமும் குறைவாகவே இருக்கும். பகல் முழுக்க வெளிச்சமான வகுப்பறையில் அதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ் வெளிச்சம், முடிந்தால் உயரம் சற்றுக் கூடுதலான 16:10 வடிவம் என்று கேளுங்கள்.

முதல் மாடலின் குறைகளையும் மறைக்காமல் சொல்வது என் கடமை. லேப்டாப்பும் அதன் செங்கல் அளவு சார்ஜரும் சேர்ந்து மூன்று கிலோவைத் தொடலாம். அதைத் தினமும் தோளில் சுமக்கப் போகிறீர்கள். பேட்டரியில் ஓடும்போது அந்த கிராபிக்ஸ் கார்டின் முழு வேகம் கிடைக்காது, ஏனென்றால் அத்தனை வாட்டையும் பேட்டரியால் தொடர்ந்து தர இயலாது. வகுப்பில் குறிப்பெடுப்பதற்குக்கூட ஒரு முழு நாள் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரியின் அளவை வாட்-மணியில் பாருங்கள். 50 என்பதைவிட 80 அல்லது 90 நல்லது. யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால், பெரிய சார்ஜரை விடுதி அறையிலேயே வைத்துவிட்டு, 100 வாட் தரும் சிறிய சார்ஜர் ஒன்றை மட்டும் பையில் போட்டுக்கொள்ளலாம். எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் அது போதும். தோள்வலியோ முதுகுவலியோ உங்களுக்கு ஏற்கெனவே இருக்குமானால், என் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன்: அப்போது இரண்டாவது மாடலை வாங்கி, கனமான வேலைகளை ஆய்வகத்திலும் கோலாபிலும் செய்துகொள்ளுங்கள். அதன் 32 ஜிபி ரேம் சாலிட்வொர்க்ஸின் தொடக்கப் பயிற்சிகளுக்குக் கைகொடுக்கும்.

எப்போது வாங்குவது என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலாண்டில் கணிதம், இயற்பியல், அடிப்படை நிரலாக்கம் என்றுதான் பாடங்கள் பெரும்பாலும் இருக்கும். கனமான மென்பொருள்கள் பிறகே வரும். வீட்டில் தற்காலிகமாகப் பயன்படுத்தக் கணினி ஏதாவது இருந்தால், முதல் செமஸ்டர் முடியும்வரை பொறுத்து, உங்கள் துறையின் மூன்றாமாண்டு மாணவர்கள் இருவரிடமாவது அவர்கள் லேப்டாப்பில் எது போதவில்லை என்று நேரில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘எது நல்ல லேப்டாப்’ என்று கேட்டால் அவரவர் தம்முடையதையே சொல்வார்கள். எது போதவில்லை என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். அப்படிக் கணினி ஏதும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மேட்லேப், சாலிட்வொர்க்ஸ் ஆகியவற்றின் மாணவர் உரிமங்களைப் பல பல்கலைக்கழகங்களே வழங்குகின்றன. சேர்ந்தவுடன் துறையில் விசாரியுங்கள். வாரண்டியில், இருக்கும் இடத்துக்கே வந்து பழுதுபார்க்கும் வசதியையும், தண்ணீர் கொட்டினாலும் கீழே விழுந்தாலும் ஈடுசெய்யும் திட்டத்தையும் மூன்று ஆண்டுக்காவது நீட்டித்துக்கொள்ளுங்கள். விடுதி வாழ்க்கையில் லேப்டாப்புகளைக் கெடுப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் கோளாறு அல்ல. மேசை மீதிருந்த தேநீர்க் குவளைதான்.

வாங்கியபின் திருப்பித் தருவதற்கு உள்ள அவகாசத்துக்குள், சார்ஜரைச் செருகி, கனமான ஒரு வேலையை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். இடையில் வேகம் பாதியாக விழுந்தாலோ தானாக அணைந்தாலோ உடனே மாற்றிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால், அறையில் செருகியே வைத்து வேலை செய்யும் நாட்களில் அதை இயக்கிவையுங்கள். பேட்டரியின் ஆயுள் கூடும். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நுழையும்போது எஸ்எஸ்டி பெரும்பாலும் தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் அந்தச் சாவி இல்லாமல் உங்கள் கோப்புகளை யாராலும் எடுத்துத் தர முடியாது என்பதால், எந்த மின்னஞ்சல் கணக்கைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் அந்தச் சாவியையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள். ப்ராஜெக்ட் கோப்புகளின் பிரதி ஒன்று எப்போதும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பல்கலைக்கழகம் தரும் கிளவுடிலோ இருக்கட்டும். அந்த முதல் மாடலின் முழுப் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதி அனுப்பினால், அதன் வாட் அளவையும் ரேம் ஸ்லாட்டுகளையும் நானே சரிபார்த்துச் சொல்கிறேன்.